ரவுட்டர் படிக்க நல்ல புத்தகம் எது? – ஒரு பழைய மாணவனுக்காகத் தேடிய கதை



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வரலாற்றுப் பதிவுதான். ஆனால் இந்த முறை சோழரும் இல்லை, காந்தியும் இல்லை. உங்கள் வீட்டுச் சுவரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் பெரிய பெட்டிகளின் வரலாறு.

எழுதக் காரணம் ஒரு போன். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெயர் வேண்டாம், அவன் கூட வாசிப்பான். இப்போது ஒரு சிறிய டவுனில், கேபிளும் இணையமும் வீடுகளுக்குக் கொடுக்கும் ஒருவரிடம் வேலை பார்க்கிறான். முன்பு ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி நெட்வொர்க் படித்தவன்தான். அங்கே சிஸ்கோ பெட்டியின் கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே வந்து பார்த்தால் இருப்பது மைக்ரோடிக் பெட்டி. கட்டளையும் வேறு, திரையும் வேறு.

அவன் என்ன செய்தான்? யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்து, அதில் இருந்த பாதுகாப்பு வரிகளை இரவு பதினொரு மணிக்குத் தன் வீட்டில் இருந்தபடியே பெட்டிக்குள் ஒட்டினான். அடுத்த நொடி அவனுக்கே இணைப்பு போய்விட்டது. அவனுக்கு மட்டும் இல்லை, அந்தப் பெட்டியை நம்பியிருந்த எல்லாத் தெருவுக்கும். பைக்கை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடி, வேறு ஒரு போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி, ஒட்டிய வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி முடிக்க இரண்டு மணி ஆகிவிட்டதாம். அன்று இரவு பன்னிரண்டு மணியோடு யாரோ ஒரு பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் கெடு முடிந்திருக்கிறது. மறுநாள் அந்தப் பிள்ளையின் அப்பா ஆபீஸ் வாசலில் வந்து நின்றிருக்கிறார். முதலாளி, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ வேற இடம் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டார்.

"டீச்சர், உங்க தங்கச்சி பையன் சென்னையில இந்த வேலையிலதானே இருக்காரு? இதுக்கு நல்ல புத்தகம் எதுன்னு கேட்டுச் சொல்லுங்களேன். நான் அந்த வரிகளை ஒண்ணு விடாம அப்படியேதான் டீச்சர் எழுதினேன். நீங்க சொல்வீங்களே, புள்ளி கமா மாறாம எழுதணும்னு. அப்படியேதான் எழுதினேன்."

கடைசி வாக்கியத்தை அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த ஆண்டு 1498 என்று உங்கள் எல்லோரையும் பத்து முறை எழுத வைத்தவள் நான். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மாலிந்தியில் இருந்து, பருவக்காற்றும் வழியும் அறிந்த ஒரு மாலுமியைக் கூட்டிக்கொண்டுதான் அவர் கடலைக் கடந்தார் என்பதை எத்தனை பேருக்குச் சொன்னேன்? ஆண்டு தேர்வில் வரும், காற்று வராது. அதனால் காற்றை விட்டுவிட்டேன். அந்தக் கடனில் ஒரு பங்கையாவது அடைக்கலாம் என்றுதான் இதில் இறங்கினேன்.

முதலில், ரவுட்டர் என்பது என்ன?

எங்கள் பெரியப்பா ஆர்.எம்.எஸ்.-இல் சார்ட்டர். ஓடும் ரயிலில் நின்றபடி கடிதங்களை அறை அறையாகப் போடுவார். உறவுகளுக்கு அவரை நினைவிருக்கும். அவர் ஒரு கடிதத்தின் முழு முகவரியையும் படிக்கமாட்டார். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்த பிறகு அவருக்கு வேலை இன்னும் சுலபம். முதல் எண் 6 என்றால் தெற்கே தமிழ்நாடு, கேரளப் பக்கம். முதல் மூன்று எண் 613 என்றால் தஞ்சாவூர்ப் பக்கம். கடைசி மூன்று எண்கள் எந்தத் தபால் நிலையம் என்று சொல்லும். வடக்கே இருக்கும் சார்ட்டருக்கு முதல் எண் போதும், தஞ்சாவூரில் இருப்பவருக்குத்தான் கடைசி எண்கள் தேவை.

ரவுட்டர் செய்வதும் இதையேதான். வரும் ஒவ்வொரு துண்டுத் தகவலிலும் போகவேண்டிய எண்முகவரி இருக்கும். தன்னிடம் உள்ள அட்டவணையில் அந்த எண்ணோடு அதிக தூரம் பொருந்துகிற வரியைப் பார்த்து, அந்த வழியில் தள்ளிவிடும். எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்த பெட்டியானாலும் இந்த வேலை மாறாது. மாறுவது, அந்த அட்டவணையை எப்படி எழுதச் சொல்கிறது என்ற பாஷை மட்டும்தான். இந்த ஒரு வரியை நான் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது.

பெட்டி வருவதற்கு முன்பே பாடம் எழுதிய மாணவர்கள்

"தெரியாத பெட்டி, கையில் புத்தகம் இல்லை" என்ற நிலை என் மாணவனுக்கு மட்டும் வந்ததல்ல. முதல் முதலில் இந்தத் துறைக்கு வந்தவர்களின் நிலையும் அதுவே.

1969-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் ஆர்பாநெட் என்ற வலை தொடங்கியது. தகவலைப் பிரித்து வழியனுப்பும் பெட்டிக்கு ஐ.எம்.பி. என்று பெயர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பி.பி.என். என்ற நிறுவனம் அதைச் செய்தது. ஹனிவெல் கம்ப்யூட்டர் ஒன்றை மாற்றியமைத்து, பீரோ அளவில் செய்த பெட்டி. இன்றைய ரவுட்டர்களின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1969 ஆகஸ்ட் கடைசியில் முதல் பெட்டி லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அக்டோபர் 29-இல் அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். எல், ஓ என்ற இரண்டு எழுத்து போனதும் மறுமுனைக் கம்ப்யூட்டர் விழுந்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். ஆக, என் மாணவனுக்கு முன்பே இந்தத் துறையில் முதல் நாளே 'டவுன்' ஆகியிருக்கிறது!

என் மனதைத் தொட்டது அதற்கு முந்தைய சில மாதங்கள். பெட்டியோடு கம்ப்யூட்டர்கள் எப்படிப் பேசவேண்டும் என்று முடிவுசெய்யும் பொறுப்பு பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள் தலையில் விழுந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால் தாங்களே குறிப்பு எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அதில் ஸ்டீவ் க்ராக்கர் என்ற மாணவர் 1969 ஏப்ரல் 7 தேதியிட்டு எழுதியது முதல் குறிப்பு. தான் தங்கியிருந்த நண்பர் வீட்டில் மற்றவர்கள் தூக்கம் கெடக்கூடாது என்று குளியலறையில் உட்கார்ந்து எழுதியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'சின்னப் பையன்கள் சட்டம் போடுகிறார்கள்' என்று பெரியவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்ற பயத்தில், அந்தக் குறிப்புகளுக்கு 'கருத்து கேட்கிறோம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் ஆர்.எஃப்.சி. இன்று அது ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. முதல் குறிப்பு தொடங்கி எல்லாவற்றையும் காசில்லாமல் படிக்கலாம்.

இந்தக் குறிப்புகளைத் திருத்தி, எண் போட்டு, வரிசை கெடாமல் காத்தவர் ஜான் போஸ்டல். 1998-இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. க்ராக்கர், போஸ்டல், இணையத்தின் தந்தையரில் ஒருவர் என்று சொல்லப்படும் விண்ட் சர்ஃப், மூவரும் லாஸ் ஏஞ்சலிஸில் வான் நைஸ் என்ற ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பள்ளி ஆசிரியர்களை நினைத்து ஒரு நிமிடம் பொறாமைப்பட்டேன்!

1981 செப்டம்பரில் வந்த 791, 793 எண் குறிப்புகள்தான் இன்றைய இணையத்துக்கு இலக்கணம் வகுத்தன. ஐ.பி., டி.சி.பி. என்று உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1983 ஜனவரி 1-இல் ஆர்பாநெட் முழுவதும் பழைய முறையை விட்டு இந்த இலக்கணத்துக்கு மாறியது. நாற்பது ஆண்டு தாண்டியும் அடிப்படை அதுவே. பெட்டிகள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன.

பாடம் கம்பெனியின் கைக்குப் போன கதை

1984 டிசம்பரில் லியனார்டு போசாக், சாண்டி லெர்னர் என்ற தம்பதி சிஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் வசதிகளைப் பார்த்துக்கொண்டவர்கள். கணவனும் மனைவியும் கடிதம் அனுப்பிக்கொள்ள ரவுட்டரைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு இனிமையான கதை உலவுகிறது. வரலாற்று ஆசிரியையாக அதை அப்படியே ஏற்க மாட்டேன். அதே பல்கலைக்கழகத்தில் வில்லியம் யேகர் என்பவர் எழுதிய மென்பொருளும், மற்றவர்கள் வடிவமைத்த சர்க்யூட் பலகையும் அதற்கு அடித்தளம். 1987-இல் ஸ்டான்ஃபோர்டு முறைப்படி உரிமம் கொடுத்தது. ஒரு மன்னரின் பெயரில் இருக்கும் கோயிலைப் பல கை கட்டியிருக்கும் இல்லையா, அதுபோல.

சிஸ்கோ வளர வளர, ரவுட்டர் படிப்பது என்றாலே சிஸ்கோ கட்டளை படிப்பது என்று ஆகிவிட்டது. 1993-இல் சி.சி.ஐ.இ. என்ற கடினமான தேர்வு வந்தது. 1998-இல் அடிப்படைத் தேர்வான சி.சி.என்.ஏ. வந்தது. என் மாணவன் பணம் கட்டிப் படித்தது இதற்குத்தான். நடுவில் 1997-இல் நெட்வொர்க்கிங் அகாடமி என்ற திட்டம் வந்த விதம் ஆசிரியர்கள் அறியவேண்டியது. பள்ளிகளுக்குப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன, ஆனால் அவற்றைப் பராமரிக்கப் பள்ளிகளில் ஆள் இல்லை. அதனால் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று தொடங்கியதுதான் அது. நம் பள்ளிக்கும் கம்ப்யூட்டர் வந்து, உறை போர்த்தித் தலைமையாசிரியர் அறையில் இரண்டு வருஷம் இருந்தது ஞாபகம் இருக்கிறதா?

இந்தத் தேர்வுகள் நல்லவையே. லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. ஆனால் நோட்ஸ் வைத்துப் படிக்கும் நம் பழக்கம் அங்கேயும் போய் உட்கார்ந்துகொண்டது. கட்டளை தெரியும், காரணம் தெரியாது. பெட்டி மாறினால் கை நின்றுவிடும்.

மூன்று நல்ல ஆசிரியர்கள்

தங்கை மகனிடம் "உனக்கு யாரப்பா சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன். "பெரியம்மா, எந்தக் கம்பெனி பேரும் இல்லாத மூணு விஷயத்தைச் சொல்றேன், அதைத் தேடுங்க" என்றான். மூன்றும் முப்பது வருஷத்துக்கு முந்தையவை.

முதலாவது 1180 எண்ணுள்ள ஆர்.எஃப்.சி. 1991 ஜனவரியில் சோகோலோஃப்ஸ்கி, கேல் என்ற இருவர் எழுதியது. முப்பது பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்கு ஒரு துண்டுத் தகவல் எப்படிப் போகிறது, நடுவில் ரவுட்டர் என்ன முடிவெடுக்கிறது என்பதை எளிய கோட்டுப் படங்களோடு படிப்படியாகச் சொல்கிறது. எந்தப் பெட்டியின் கட்டளையும் அதில் இல்லை. அதனால்தான் அது பழையதாகவில்லை.

இரண்டாவது ரேடியா பெர்ல்மன் அம்மையார் 1992-இல் வெளியிட்ட 'இன்டர்கனெக்‌ஷன்ஸ்' என்ற நூல். வலையில் தகவல் வட்டமடித்துக்கொண்டே இருந்து எல்லாவற்றையும் முடக்கிவிடாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை வகுத்தவர் அவர். அதை விளக்க ஒரு சின்னக் கவிதையும் எழுதினார். அதற்கெல்லாம் முன்பு, 1970-களில், எம்.ஐ.டி.-யில் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகாத குழந்தைகள் பட்டனை அழுத்தியே நிரல் எழுதும் கருவியை உருவாக்கியிருக்கிறார். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் எழுதிய புத்தகம் பெரியவர்களுக்கும் புரியத்தானே செய்யும்!

மூன்றாவது ரிச்சர்டு ஸ்டீவன்ஸ் எழுதிய 'டி.சி.பி./ஐ.பி. இல்லஸ்ட்ரேட்டட்'. 1990-களின் தொடக்கத்தில் வந்தது. அவர் 1999-இல், 48 வயதிலேயே இறந்துவிட்டார். அவர் முறை என்ன? 'இப்படி நடக்கும்' என்று வெறுமனே சொல்லமாட்டார். ஒரு சோதனை வலையைக் கட்டி, கம்பியில் ஓடும் தகவலைப் பிடித்து, 'இதோ நடந்தது' என்று காட்டுவார். அந்த வலையின் வரைபடத்தை நூலின் உள்ளட்டையிலேயே போட்டிருப்பார். எந்தப் பக்கத்தில் குழம்பினாலும் உள்ளட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். வரலாற்றுப் பாடத்தில் வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் பேசுவதுபோல.

சிறுவலை என்ற கம்பெனி

இனி என் மாணவனின் பெட்டிக்கு வருகிறேன். பால்டிக் கடற்கரையில் லாத்வியா என்ற சிறிய நாடு. 1991-இல் சோவியத் ஒன்றியத்திடம் இருந்து மீண்டும் விடுதலை பெற்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து 1996-இல் தலைநகர் ரிகாவில் ஜான் டல்லி, ஆர்னிஸ் ரியெக்ஸ்டின்ஷ் என்ற இருவர் தொடங்கியதுதான் மைக்ரோடிக். லாத்விய மொழியில் டீக்ல்ஸ் என்றால் வலை. கம்பெனிப் பெயருக்குச் சிறுவலை என்று பொருள் சொல்லலாம்.

பெரிய கம்பெனிகளின் பெட்டிகள் ஏழை ஊர்களுக்கு எட்டாத விலை. இவர்கள் சாதாரணக் கம்ப்யூட்டரையே ரவுட்டராக மாற்றும் ரவுட்டர்-ஓ.எஸ். என்ற மென்பொருளை 1997-இல் கொண்டுவந்தார்கள். 2002 முதல் சொந்தப் பெட்டியும் செய்தார்கள். விலை குறைவு, ஆனால் செய்யும் வேலை அதிகம். அதனால் பல நாடுகளில் சின்னச் சின்ன இணைய வியாபாரிகள் இதை எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர் கேபிள்காரர்கள் பலரிடமும் இருப்பது இதனால்தான்.

விலை குறைவானதற்கு மறுபக்கமும் உண்டு. வாங்குபவர் பெரும்பாலும் தானே கற்றுக்கொள்ள வேண்டியவர். கம்பெனி தன் கையேட்டை எல்லோரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறது. எம்.டி.சி.என்.ஏ. என்ற அடிப்படைச் சான்றிதழும் உண்டு. ஆனால் அவசரத்தில் இருப்பவன் கையேட்டையா படிப்பான்? வீடியோவைத்தான் தேடுவான். அங்கே இரண்டு ஆபத்துகள்.

ஒன்று, பதிப்பு. 2021 டிசம்பரில் இந்த மென்பொருளின் ஏழாம் பதிப்பு நிலையான வெளியீடாக வந்தது. வழிகாணும் பகுதியைப் புதிதாக எழுதிவிட்டார்கள். ஆறாம் பதிப்பில் எழுதிய சில கட்டளைகள் ஏழில் அப்படியே செல்லாது. பழைய வீடியோவில் தேதி இருக்கும், யார் பார்க்கிறார்கள்? பழைய பாடத்திட்டத்துப் புத்தகத்தோடு பரீட்சைக்குப் போவதுபோல்.

இரண்டாவது, பாதுகாப்பு. 2018-இல் இந்தப் பெட்டிகளின் நிர்வாக வாசலில் ஒரு ஓட்டை தெரியவந்தது. கம்பெனி ஏப்ரல் மாதமே திருத்தம் வெளியிட்டது. ஆனால் பலர் அதைப் போடவில்லை. சில மாதங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைத் திருடர்கள் கைப்பற்றி, மெய்நிகர் நாணயம் தோண்டப் பயன்படுத்திக்கொண்டார்கள். கம்பெனியின் அறிவிப்புகளைப் படிப்பதும் படிப்பில் ஒரு பகுதிதான் என்பதற்கு இது சாட்சி.

அன்று இரவு நடந்தது என்ன?

இத்தனையும் தெரிந்த பிறகுதான் எங்கள் மூவருக்கும் அந்த இரவு விளங்கியது. தங்கை மகனும் நானும் அவனும் போனில் பேசிக்கொண்டிருந்தோம். "முதல்ல படம் போடு. எந்த போர்ட்ல இருந்து எங்க போகுது?" என்று தங்கை மகன் கேட்டான். அவன் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அனுப்பிய மறு நிமிடமே, "டீச்சர், புரிஞ்சுடுச்சு" என்றான்.

வீடியோக்காரருடைய பெட்டியில் ஒன்றாம் போர்ட், இணையம் உள்ளே வரும் வாசல். 'ஒன்றாம் போர்ட்டில் இருந்து யாராவது புதிதாக வந்தால் விடாதே' என்பது அவர் எழுதிய விதி. அவருக்கு அது சரி. இவன் பெட்டியில் ஒன்றாம் போர்ட், வீடுகளுக்குப் போகும் வழி! காவல்காரனைத் தெரு வாசலுக்குப் பதிலாக வீட்டுக்காரர்கள் வரும் வாசலில் நிறுத்திவிட்டான். அவனும் அந்த வீடுகளில் ஒன்றில் இருந்துதான் நுழைந்திருந்தான், ஆகவே அவனும் வெளியே.

புள்ளி கமா மாறாமல் எழுதினான். அதுதான் தவறு. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உடைந்தது என்று தங்கை மகன் பிறகு சொன்னான்.

எப்படிப் படித்தோம்

அதன் பிறகு மூன்று மாதம், புதன்கிழமை இரவுகளில் அரை மணி நேரம். 1180-ஐ நான் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்வேன், அவன் திருத்துவான். பல இடங்களில் நான்தான் மாணவி. மைக்ரோடிக் மென்பொருளைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கற்பனைப் பெட்டியாக ஓட்டும் பதிப்பு ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. வேகம் 1 எம்.பி.பி.எஸ். தாண்டாது, பழகுவதற்கு அது போதும். அவனுடைய பழைய லேப்டாப்பில் மூன்று கற்பனைப் பெட்டிகளை இணைத்து, அந்த இரவின் தவறை வேண்டுமென்றே மீண்டும் செய்யச் சொன்னோம். இம்முறை எந்தத் தெருவும் இருளவில்லை.

இன்னொன்றும் கையேட்டில் கண்டுபிடித்தான். கட்டளை எழுதும் திரையில் கண்ட்ரோல் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் 'சேஃப் மோட்' வரும். அதில் இருக்கும்போது நம் இணைப்பு அறுந்துவிட்டால், அப்போது செய்த மாற்றங்களைப் பெட்டியே திரும்ப எடுத்துவிடும். அந்த ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் அன்று இரவு பைக்கே எடுத்திருக்க வேண்டாம்.

தெரியாத ரவுட்டர் எது கையில் வந்தாலும், படிக்கும் பொருள் நல்லதா என்று பார்க்க நாங்கள் எழுதிவைத்த ஐந்து கேள்விகள் இவை. வேறு துறையில் இருப்பவர்களுக்கும் உதவலாம்:

1. முதலில் வரைபடம் காட்டுகிறதா, நேராகக் கட்டளைக்குப் போகிறதா?
2. எந்தப் பதிப்புக்கு, எந்த ஆண்டில் எழுதியது என்று சொல்கிறதா?
3. ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்' சொல்கிறதா? அந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறதா?
4. தப்பு செய்தால் திரும்பி வரும் வழியைச் சொல்கிறதா?
5. நடந்ததா என்று சோதித்துப் பார்க்கும் முறையைக் காட்டுகிறதா?

வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பெட்டிப் பெயர் இல்லாத அடிப்படை. பிறகு அந்தக் கம்பெனியின் சொந்தக் கையேடு. பிறகு கற்பனைப் பெட்டியில் கைப்பழக்கம். வீடியோ கடைசியில். ஏற்கனவே ஒரு பெட்டி தெரிந்தவர்கள் 'இதற்கு அங்கே என்ன பெயர்?' என்று இரண்டு பத்தி போட்டு ஒரு நோட்டு எழுதுங்கள். அவன் படித்த சிஸ்கோ பாடம் வீணாகவில்லை. அட்டவணை அதேதான், பாஷைதான் வேறு என்று அந்த நோட்டு எழுதும்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

போன வாரம் மறுபடியும் அவன் பகுதியில் இருபது நிமிடம் இணையம் நின்றுவிட்டது. முதலாளி கூப்பிட்டிருக்கிறார். இவன் படத்தைக் காட்டி, எந்த வரியால் நின்றது, ஏன் நின்றது, எப்படித் திரும்பியது என்று சொல்லியிருக்கிறான். அவர் ஒன்றும் பேசவில்லையாம். "சம்பளம் கூட்டினாரா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், ஆனா அந்தப் படத்தை ஆபீஸ் சுவத்துல ஒட்டச் சொன்னாரு" என்றான். எனக்கு அது போதும்.

என்னிடம் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பார்க்கும் வேலையில், 'ஏன்' தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வரியாவது இருக்கும். இந்த வாரம் அதை ஒருவரிடம் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். க்ராக்கர் முதல் குறிப்பை எழுதும்போது அந்தப் பெட்டி அவருடைய பல்கலைக்கழகத்துக்கு வந்துகூடச் சேரவில்லை. உங்களில் நெட்வொர்க் தெரிந்தவர்கள் 1180-ஐ முழுதாகத் தமிழில் எழுத முன்வந்தால், என்னுடைய புதன்கிழமைக் குறிப்புகளைத் தருகிறேன். நாற்பது பக்க நோட்டில் பாதி இருக்கிறது. பிழை இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள்.

வாஸ்கோ ட காமா வந்தது 1498 மே மாதம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் சமயம். இத்தனை வருஷம் கழித்து அந்தக் காற்றையும் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்